மாடிப்படிக்கு அடியில் ஒரு வாகனம்

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாக அப்படியே தொங்குகிறது. அப்பளம் நமுத்துப் போயிற்று. உப்பு ஜாடியைத் திறந்தால் தண்ணீர். இந்த லட்சணத்தில் சைக்கிளைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. சைக்கிளைப் பற்றிப் பேச இதைவிட நல்ல காலம் வருஷத்தில் கிடையாது.

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலையில் வெங்காயக் கூடையைச் சுமந்துகொண்டு ஒரு வாகனம் சுவரில் சாய்ந்து நிற்கிறதா? நிற்கும். சென்னைக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. அந்த நாட்களில் சைக்கிளுக்கு ஓய்வு. பொங்கல் கழிந்ததும் வெளியே இழுத்து, காற்றடித்து, செயினில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அப்படியே ஏறிப் போய்விடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். தேய்ந்ததை மாற்றவும், இருப்பதைவிட நல்லதாக ஒன்றைப் போடவும் இந்த ஓய்வு நாட்களே சரியான சமயம் என்று எனக்குத் தெரிய ஒரு சுவரில் போய் மோத வேண்டியிருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். 2024-ம் வருஷம், ஐப்பசி மாதம். மழை சற்று விட்டிருந்தது. வேளச்சேரி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கூடையில் கீரைக்கட்டும் அரை லிட்டர் பாலும். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும், ஒரு வீட்டு வாசலிலிருந்து நாலு வயதுக் குழந்தை ஒன்று காகிதக் கப்பலைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பிடித்தேன் என்பது என் கைக்குத்தான் தெரியும், சைக்கிளுக்குத் தெரியவில்லை. வழுக்கிக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது! ஹேண்டில்பாரை ஒடித்தேன். எதிர்வீட்டு மதில்சுவர் தாங்கிக்கொண்டது. முழங்கை சிராய்ந்தது, பால் கொட்டியது. குழந்தை நின்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தது. அதன் தாயார் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று மாலை அதே சைக்கிளில் என் மகள் டியூஷனுக்குப் போவதாக இருந்தாள். காலையில் எனக்கு, சாயங்காலம் அவளுக்கு என்றுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. அவள் திரும்பும்போது இருட்டிவிடும். அவளை அன்று நடந்தே போகச் சொன்னேன்.

"முந்தாநாள்தானே பிரேக் நன்றாகப் பிடித்தது?" என்றார் என் வீட்டுக்காரர். உண்மைதான். முந்தாநாள் வெயில்.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகள் சைக்கிள் விடுவதை மாமியார் முகம் சுளித்துப் பார்ப்பதாகக் கதைகளில் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக் கதை வேறு. அத்தைக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்ததும், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று ஊக்கினார். 1992 மார்ச்சில், சர்வதேச மகளிர் தினத்தன்று, 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள்; குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம், அதுவே சௌகரியம் என்று சொன்னவர்களும் உண்டு. அத்தை அந்தக் காலத்தில், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த சைக்கிளில் பழகியவர். இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஆனால் சைக்கிள் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்.

என் முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்குப் போனார். முன் சக்கரத்து ரிம்மைச் சுற்றி ஊற்றினார். "இப்பத் தள்ளிக்கிட்டே போயி பிரேக்கைப் பிடி" என்றார். பிடித்தேன். சக்கரம் ராஜா மாதிரி உருண்டது.

"பிரேக்கு பிடிக்குதான்னு வெயில்ல பாத்து என்னம்மா பிரயோஜனம்? தண்ணியிலல்ல பாக்கணும்!"

இந்தச் சொம்புப் பரீட்சையை நீங்களும் இன்றைக்கே செய்து பாருங்கள். காலணா செலவில்லை.

மறுநாள் தெருமுனைக் கடைப் பெரியவரிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவரிடம் போனால் முகம் கொடுத்துப் பேச நேரமிராது. மழை நாளில் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். எந்தச் சாமான் எதற்கு என்று கேட்டால் சொல்லுவார். கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். சாமான் வரப் பத்து நாள் ஆனாலும் நமக்கு அவசரமில்லை. 

"ஓவராயில் பண்ணிடலாமா, அம்மா?" என்றார்.

ஓவர்ஹால் என்ற வார்த்தையை நம் ஊர்க் கடைகளில் ஓவராயில் ஆக்கி எத்தனையோ காலமாகிறது. அந்தப் பெயரைக் கேட்டே நம்மில் பலர், நிறைய எண்ணெய் ஊற்றுவதுதான் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டோமோ என்னவோ! எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டுவதுதான் அது.

வீட்டில் ஒரு சிறு சபை கூடியது. என் வீட்டுக்காரர், "பேசாமல் இதைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாமே" என்றார். மகளுக்குக் கியர் வைத்த சைக்கிள் மேல் கண். கைப்பிடியில் தொங்கும் கலர் குஞ்சம், சக்கரத்துக்கு மினுக்கும் விளக்கு என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தாள். பெரியவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "இரும்பு நல்லா இருக்கும்மா, எங்கேயும் விரிசல் இல்லே" என்று சொல்லியிருந்தார். சட்டம் நேராகவும் விரிசல் இல்லாமலும் இருந்தால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளக்கூடியவை. ஆகவே நான் ஒரு கணக்குப் போட்டேன். முதலில் நிறுத்துவதற்கு உள்ளவை. பிறகு உருளுவதற்கு உள்ளவை. பிறகு உடம்புக்குச் சௌகரியம். மிச்சப் பணத்தில் குஞ்சம்.

பிரேக் சமாசாரம் இதுதான். எங்கள் சைக்கிளில் இருந்தது பளபளவென்று முலாம் பூசிய இரும்பு ரிம். பார்வைக்கு வெள்ளிக் கொலுசு. ஆனால் அந்த வழவழப்பின் மேல் தண்ணீர் பட்டால் மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. ரப்பர் அதன் மேல் சறுக்குகிறது. சக்கரம் சில சுற்றுச் சுற்றி அந்தத் தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிப்பு வரும். அந்தச் சில சுற்றுக்குள்தான் குழந்தை குறுக்கே வருகிறது. அலுமினிய ரிம்மில் ஈரத்திலும் ரப்பர் எவ்வளவோ மேலாகப் பற்றும், எடையும் குறைவு. துருவும் ஏறாது.

"ரப்பர் கட்டையை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டேன். பெரியவர் பழைய கட்டையை நகத்தால் அழுத்தச் சொன்னார். கல் மாதிரி இருந்தது. ரப்பர் தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். தேயாமலே வருஷக் கணக்கில் இறுகிப்போனதும் குப்பைக்குத்தான். பணம் கைக்கு அடக்கமாக இருக்கிறவர்கள் இந்த ரப்பரையும் பிரேக் கம்பியையும் மட்டுமாவது இந்த மாதமே மாற்றிவிடுங்கள். பாதி வைத்தியம் ஆகிவிடும். முழு வைத்தியம் வேண்டும் என்றால் ரிம்மும் மாற வேண்டும். நான் முழுசுக்கே சம்மதித்தேன். அந்தத் தாயார் பார்த்த பார்வை கண்ணிலே நின்றது.

ரிம் வாங்கப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சக்கரத்துக் கம்பிகளை எண்ணிக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்று இருக்கும் சைக்கிளும் உண்டு. இரண்டிலும் 36 உள்ளதும் உண்டு. நடுவிலுள்ள ஹப்பில் எத்தனை துளையோ ரிம்மிலும் அத்தனை துளை வேண்டும். இல்லாவிட்டால் ரவிக்கைக்குக் கொக்கி ஒரு பக்கம் எட்டும் மறுபக்கம் ஆறும் வைத்த கதைதான். இன்னொன்று. பழைய மாதிரிக் கம்பி பிரேக், அதாவது கைப்பிடியிலிருந்து கெட்டிக் கம்பி இறங்கி வரும் பிரேக், உங்களுடையதாக இருந்தால் அது ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்துவது. மற்றது பக்கவாட்டில் பிடிப்பது. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிம்மின் உருவமே வேறு. கம்பி பிரேக்காரர்கள் நல்ல ரப்பர் போட்டு, கம்பி மூட்டுக்களை இறுக்கி வைத்துக்கொண்டாலே நன்மை.

டயரில் நான் ஏமாந்த கதையையும் கேளுங்கள். "26 இஞ்சு டயர் வாங்கிட்டு வாங்கம்மா" என்று பெரியவர் சொன்னார். போனேன். பெரிய கடை ஒன்றில் 26 என்று கொட்டை எழுத்தில் போட்ட, முரட்டுப் பற்கள் வைத்த டயர் ஜோடி தள்ளுபடியில் கிடைத்தது. பெருமையாகச் சுமந்து வந்தேன். பெரியவர் மாட்டிப் பார்த்தார். ஏறவில்லை. இரும்புப் பட்டையை வைத்து நெம்பினார். ஏறவே இல்லை. எடுத்துப் பார்த்தால், டயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 47-559 என்று இருக்கிறது. எங்கள் பழைய டயரில் 37-590. இரண்டுக்கும் பெயர் 26 தான்! பின்னால் வரும் எண் ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு, மில்லி மீட்டரில். 559 எங்கே, 590 எங்கே? முப்பத்தொரு மில்லி மீட்டர் வித்தியாசம். முன்னால் வரும் எண் டயரின் பருமன். அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. பின்னால் உள்ளது மட்டும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஜோடி நாத்தனார் பையனுடைய சைக்கிளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு அன்றிலிருந்து நான் மிகவும் பிடித்த மாமி.

ஆகையால், டயர் வாங்கப் போகுமுன் பழைய டயரின் ஓரத்தைத் துடைத்துவிட்டு அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஓரத்தில் சிலந்தி வலை போல வெடிப்பு இருந்தால், மேலே பட்டை எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதே. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் 1888-ல் தம் பையனுடைய மூன்று சக்கர வண்டிக்காகத்தான் முதலில் காற்றுக் குழாய் டயரைச் செய்து காப்புரிமை வாங்கினார். பையன் உடம்பு குலுங்கக் கூடாதே என்ற கவலை. காற்றைக் குறைத்து ஓட்டினால் டியூப் ரிம்மில் நசுங்கிக் கடிபடும். எவ்வளவு காற்று என்பதும் டயரின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கிறது.

இனி, எனக்கே அதிசயமாக இருந்த பகுதிக்கு வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் தண்ணீர் ஏறியது. சைக்கிள் இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு கழுவித் துடைத்து வெயிலில் வைத்தோம். காய்ந்துவிட்டது என்றே எண்ணியிருந்தோம். பெரியவர் சீட்டுக் கம்பியை உருவிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சட்டத்துக் குழாய்க்குள்ளிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஒரு வருஷத்துக்கு முந்தைய வெள்ளமா, அதற்குப் பின் சேர்ந்த மழையா, யார் கண்டார்கள்? அத்தை மட்டும், "கரகரன்னு சத்தம் வருதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

சக்கரத்தின் நடுவிலும் பெடல் அச்சிலும் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. பால்ரஸ் என்பார்கள். எங்கள் சைக்கிளில் முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9, பெடல் அச்சில் பக்கத்துக்கு 11. ஆக 60 குண்டுகள். பின்னவை சற்றுப் பெரியவை, கால் அங்குலம். அவற்றின் மேல்தான் நம் உடம்பும் கூடையும் பாலும் கீரையும் எல்லாம் உருளுகின்றன. கிரீஸுக்குள் தண்ணீர் புகுந்தால் அது மோர் மாதிரி வெளுத்துத் திரிந்துபோகிறது, குண்டு துருவேறுகிறது, துருவேறிய குண்டு, தான் ஓடும் பாதையையும் அரித்துவிடுகிறது. எங்கள் குண்டுகளில் பாதிக்கு மேல் அம்மைத் தழும்பு. மகளும் நானும் ஒரு தட்டில் வைத்து எண்ணினோம். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். கூடாதாம். புதுக் குண்டும் தேய்ந்த குண்டும் கலந்தால் அளவு கொஞ்சம் மாறி, பெரியதன் மேலேயே பாரம் முழுதும் விழும். அறுபதும் புதுசு. சைக்கிள் சாமானிலேயே மலிவானது இதுதான் என்றால் நம்புவீர்களா? கூலிதான் அதிகம். ஆனால் ஓட்டும்போது தெரியும் வித்தியாசம், எந்த விலை உயர்ந்த சாமானிலும் தெரியாது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படும் தைரியசாலிச் சகோதரிகளுக்கு இரண்டு எச்சரிக்கை. மண்ணெண்ணெயோ டீசலோ வைத்துக் கழுவும்போது சமையலறைப் பக்கமே போகாதீர்கள். அடுத்து, இடது பெடலின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தார். பெரியவர் வந்து அதன் மேல் ஏறி நின்றுதான் கழற்ற வேண்டியதாயிற்று.

செயினுக்கு ஒரு சுலபமான பரீட்சை சொல்லித் தருகிறேன். பிள்ளைகளின் ஓர் அடி ஸ்கேலை எடுங்கள். செயினின் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24-வது ஆணியின் நடு, சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். அரைக்கால் அங்குலம் தாண்டிவிட்டால் செயின் நீண்டுபோயிற்று என்று பொருள், மாற்றுங்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அது பல் சக்கரத்தையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும். அப்போது ஒரு செலவு இரண்டாகும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசுக்காகித் தெருப் புழுதியை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, ஒரு மழையில் போய்விடும். சைக்கிள் கடையில் விற்கும் செயின் எண்ணெயை ஆணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

மகளின் கியர் ஆசைக்கு இங்கேதான் வழி பிறந்தது. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதற்குத்தான் கியர் வேண்டும் என்றாள். நியாயம். ஆனால் பழைய சைக்கிளுக்குப் பல கியர் வைக்கப் பின் சக்கர ஹப், செயின், கைப்பிடிக் கம்பி என்று பாதிச் சைக்கிளையே மாற்ற வேண்டும். அதன் பிறகு வாரா வாரம் அதற்குப் பணிவிடை. சென்னை மாதிரித் தட்டையான ஊருக்கு இது தேவையா என்பது என் சந்தேகம். பெரியவர் வேறு வழி சொன்னார். முன் பல் சக்கரத்தில் 44 பல். பின்னால் இருந்த ஃப்ரீவீலில் 18 பல். ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் ஏறக்குறைய 5 மீட்டர் போகும். 18 பல்லை எடுத்துவிட்டு 20 பல் போட்டால் நாலரை மீட்டர்தான் போகும். ஆனால் கால் லேசாகிவிடும். வேகம் கொஞ்சம் குறையும். கீரை வாங்கப் போகும் எனக்கும் டியூஷனுக்குப் போகும் அவளுக்கும் வேகம் எதற்கு? எப்படியும் ஃப்ரீவீல் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு பல் அதிகம் என்பதற்காகப் பெரிய விலை வித்தியாசம் ஒன்றும் இல்லை. போட்டுக்கொண்டோம். முதல் நாள் மேம்பாலம் ஏறி வந்து, "அம்மா, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்கு" என்றாள்.

உடம்புச் சௌகரியத்தில் நம்மவர்கள் ரொம்பவும் அசட்டை. சீட்டைப் பாதாளத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு காலும் தரையில் பதிந்தால்தான் தைரியம் என்கிறோம். பிறகு முழங்கால் வலி என்கிறோம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம் அல்லவா, அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். ஒரேயடியாக உயர்த்தாமல் வாரத்துக்கு ஒரு விரல்கடையாக ஏற்றிப் பழகுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அகலமான சீட் நல்லது. பெண்களுக்கு இடுப்பெலும்பு பொதுவாகச் சற்று அகலம். கடையில் கையால் அழுத்தி மெத்தென்று இருக்கிறதே என்று வாங்காதீர்கள். உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

புடவையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின் சக்கரத்து வலையும் செயின் மூடியும் இல்லாத சைக்கிளை வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். எங்கள் வலையில் நாலு கண் அறுந்திருந்தது, புதுசு போட்டோம். 

விளக்கு வேலை சுருக்கமாக முடிந்தது. பழைய டைனமோ டயரோடு உரசி ஓடுவது. ஈரத்தில் வழுக்கி, வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். டெலிபோன் சார்ஜரிலேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் சின்ன விளக்குகள் முன்னுக்கு ஒன்று வெள்ளை, பின்னுக்கு ஒன்று சிவப்பு. மட்கார்டில் சிவப்புக் கண்ணாடியும் இருக்கட்டும். விளக்குச் சார்ஜ் ஏற்ற மறந்த நாளில் அது காப்பாற்றும்.

எல்லாமாகக் கூட்டிப் பார்த்தபோது கூலியோடு 3,700 ரூபாய் ஆயிற்று. ஏறாத டயரின் தண்டத்தை இதில் சேர்க்கவில்லை. அதை நான் வீட்டுக் கணக்கில் "இதர செலவு" என்று எழுதி வைத்திருக்கிறேன். புதுச் சைக்கிளைவிட மலிவுதான். ஒரே நாளில் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. கார்த்திகையில் பிரேக்கும் ரிம்மும், மார்கழி முதல் வாரம் டயர், பிறகு குண்டும் செயினும், சீட்டு கடைசியில். மழைக்காலம் இப்படித் தவணை கொடுக்கிறது. 

குஞ்சம் வாங்கப் பணம் மிஞ்சியதா என்று கேட்கிறீர்கள். மிஞ்சவில்லை. மகள் பழைய பட்டுத்துணி ஓரங்களைப் பின்னித் தானே செய்து கட்டிக்கொண்டாள். கடைக் குஞ்சத்தைவிட நன்றாகவே இருக்கிறது.

தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல். தெருவில் மாடு இல்லாத வீடுகளில் ஸ்கூட்டருக்கும் காருக்கும் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் சைக்கிளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வாசலில் நிறுத்தினோம். மகள் ஏறப் போனாள்.

"இரு" என்றார் அத்தை.

உள்ளே போய்ச் சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு ரிம்மிலும் நிதானமாகச் சுற்றி ஊற்றினார். என்னைத் தள்ளச் சொல்லவில்லை. தாமே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலோடு, நாலு எட்டு வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் நின்றது. கூடை குலுங்கியது. அத்தை திரும்பிப் பார்த்து, "ம், போயிட்டு வா" என்று பேத்தியிடம் சைக்கிளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சீட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.